மிஸ்ஸியின் வண்டி போட்ட சத்தங்கள்

ஊசிமலைத் தோட்டத்துக்கு 1979ஆம் வருஷம் மாசி மாதத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து இறங்கியது. தோட்டப்பகுதிச் சுகாதாரத்துக்கென்று வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்த உதவியில் வந்த வண்டி. எஞ்சின் சின்னது, ஆனால் வண்டி நல்ல உயரம். மட்கார்ட் டயரை விட்டு ஒரு சாண் மேலே நின்றது. தார் ரோட்டிலும் ஓடும், கல் ரோட்டிலும் ஏறும், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையிலும் போகும் என்று கொண்டுவந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

வண்டி தோட்டத்து டிஸ்பென்சர் அமிர்தநாதன் ஐயாவின் பேருக்கு வந்திருந்தது. ஐயாவுக்கு வயது ஐம்பத்தைந்து. மருந்து கொடுக்கும்போதும் சரி, மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் சரி, கழுத்தில் டை இருக்க வேண்டும் அவருக்கு. மூன்றாம் நாள் தொழிற்சாலை வளைவில் வண்டியோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் சரிந்தார். கொழுந்து பறிக்கிற பெண்கள் நான்கு பேர் சேர்ந்து அவரைத் தூக்கிவிட்டார்கள். அன்றைக்கே வண்டி மருந்துக் காம்பராவின் பின்னறைக்குப் போய்விட்டது. மேலே ஒரு பழைய கம்பளியைப் போர்த்திவிட்டு, "நம்ம உடம்புக்கு நடைதான் சரி" என்று ஐயா சொல்லிவிட்டார்.

அந்தக் கம்பளியைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் மருத்துவிச்சி மார்கிரட். தோட்டத்து ஜனங்களுக்கு அவள் மிஸ்ஸி. லிந்துலையில் ஒரு லொறி டிரைவருக்குப் பிறந்தவள். மருத்துவிச்சிப் படிப்பு முடித்து ஊசிமலைக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. புருஷன் இராயப்பன் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஒரே மகள் ஹட்டனில் கன்னியர் மடத்தில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள்.

மார்கிரட்டின் பொறுப்பில் மூன்று டிவிசன்கள் இருந்தன. மேல் டிவிசன் நாலு மைல், அதில் பாதி செங்குத்து. முந்தின மழைக்காலத்தில் மட்டும் இரண்டு தடவை அவள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளை பிறந்துவிட்டிருந்தது. இரண்டும் நல்லபடியாகப் பிறந்த பிள்ளைகள்தான். ஆனாலும் இரண்டாம் தடவை, நனைந்த குடையை மடக்கிக்கொண்டே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் அவள் நின்ற நிலையை அவளால் மறக்க முடியவில்லை.

ஒரு நாள் ஐயாவிடம் போய்க் கேட்டாள்.

"ஐயா, அந்த வண்டி சும்மாதானே கெடக்கு. சாவியக் குடுங்க, நான் ஓட்டிப் பாக்குறேன்."

"மார்கிரட்டு, அது ஆம்பளைங்களே விழுற வண்டி."

"விழுந்தா எழும்பிக்கிறேன். நீங்க எழும்பலையா?"

ஐயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசை லாச்சியை இழுத்துத் திறந்து சாவியை எடுத்து மேலே வைத்தார்.

காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பின்னேரங்களில் பழகினாள். இராயப்பன் பின்னாலே பிடித்துக்கொண்டு ஓடினார். வெள்ளைக் கவுனுக்கு உள்ளே புருஷனின் காக்கிக் கால்சட்டையைப் போட்டு, காலடியில் மடித்து ஊக்குக் குத்தியிருந்தாள். வேலை முடிந்து கூடையோடு திரும்பிய பெண்கள் வேலி ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். வேலாயி என்ற கிழவி மட்டும் வாய்விட்டுக் கேட்டாள்: "மிஸ்ஸி, காச்சட்டை வாத்தியாரோடதுன்னா, வாத்தியாருக்கு இப்ப என்னா மிச்சம்?"

நாலு தடவை விழுந்தாள். முழங்கையில் தோல் போனது. சித்திரை பிறக்குமுன் நுவரெலியாவுக்குப் போய் லைசன்ஸ் எடுத்துவிட்டாள். சோதித்த சிங்கள உத்தியோகத்தர் பேப்பரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்து, ஓட்டப்போவது புருஷன் இல்லையா, நோனாதானா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

ஓட்டம் வந்துவிட்டது. வண்டி போட்ட சத்தம்தான் அவளைத் தூங்கவிடாமல் செய்தது.

லொறிக்காரன் மகளாக இருந்தாலும், காலுக்கு நடுவே ஒரு எஞ்சினை வைத்துக்கொண்டு ஓடுவது அவளுக்குப் புதுசு. அதோடு, சத்தம் கேட்டுப் பயப்படுவது அவள் தொழிலிலேயே ஊறியது. கர்ப்பிணியின் வயிற்றில் மரக்குழலை வைத்து, உள்ளே துடிக்கும் பிள்ளையின் நெஞ்சைக் காதால் எண்ணுகிறவள். அந்தத் துடிப்பில் கொஞ்சம் பிசகினாலும் அவள் முதுகு நிமிர்ந்துவிடும். அதே காதை வண்டிக்கும் கொடுத்தாள். காலையில் கிக்கரை மிதித்ததும் எஞ்சின் தலையில் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தம். இரண்டாம் கியரில் ஏறும்போது வண்டு முனகுவது மாதிரி ஒன்று. இறக்கத்தில் முறுக்கிய பிடியைத் தளர்த்தினால் சைலன்சரில் பட் பட் என்று பொரிந்தது. குண்டும் குழியுமான இடத்தில் செயின் எதன்மேலோ அடித்துக்கொண்டது. எல்லாவற்றையும்விட மோசம், வண்டியை நிறுத்தி அணைத்த பிறகும் அது சும்மா இருக்கவில்லை. இரும்புக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுகிற மாதிரி டிங், டிங் என்று ஐந்து நிமிஷம் கேட்டது.

ஒவ்வொரு சத்தத்துக்கும் இறங்கிப் பார்த்தாள். நடந்தால் ஒரு மணி நேரத்தில் போகும் தூரத்துக்கு, வண்டியில் ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

"இன்னைக்கு ஒரு புதுச் சத்தம்" என்பாள், வீட்டுக்குள் நுழைந்ததும்.

இராயப்பன் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பியைத் திருத்திக்கொண்டே, "எந்தப் பக்கம்?" என்பார். அவருக்கு எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் சொல்வதைக் கேட்காமல் இருக்கவும் தெரியாது. "டிங், டிங்னா அது இரும்பு குளிர்ற சத்தமா இருக்கும். நம்ம கூரைத் தகரம் வெயில் போனா சடசடங்கிறதில்லையா?" என்றார் ஒரு நாள். அவர் சொன்னது முழுக்கச் சரி. அவர் சொன்னதாலேயே அவள் நம்பவில்லை.

அமிர்தநாதன் ஐயாவோ வேறு ரகம். "புது மெசின் சத்தம் போடக்கூடாது, மார்கிரட்டு. நோய் இல்லாத உடம்பு முனகுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அவள் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. அவள் முகம் வாடுவதை ஐயாவால் பொறுக்க முடியவில்லை. வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை இரண்டு நாள் படித்தார். எஞ்சின் தலையில் வால்வுகளைத் தட்டித் திறக்கிற டெப்பட் என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு திருகாணி இருக்கிறது, அதை முறுக்கினால் டிக் டிக் குறையும் என்பது வரைக்கும் விளங்கியது. எதுவரைக்கும் முறுக்கலாம் என்று எழுதியிருந்த பக்கத்தை அவர் தாண்டிவிட்டார் போல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, ஸ்பேனரை எடுத்துச் சத்தம் நிற்கும்வரை முறுக்கினார்.

வண்டி பட்டுப்போல ஓடியது. டிக் டிக் என்பது சுத்தமாக இல்லை. மார்கிரட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஐயா, நீங்க டிஸ்பென்சரா இருக்கவேண்டிய ஆளே இல்ல" என்றாள். ஐயா அன்றைக்கு முழுவதும் விசிலடித்துக்கொண்டே மருந்து கலக்கினார்.

அந்தச் சந்தோஷம் நான்கு நாள் இருந்தது.

வியாழக்கிழமை காலை, பெரட்டு முடிகிற நேரம், மேல் டிவிசனிலிருந்து முத்துலிங்கம் மூச்சிரைக்க ஓடி வந்தான். அவன் பெண்சாதி ராசம்மாவுக்கு வலி கண்டிருந்தது. மூன்றாவது பிள்ளை, சீக்கிரம் வந்துவிடும்.

"நீங்க குறுக்குப் பாதையில போயி தண்ணியக் கொதிக்க வைங்க" என்றாள் மார்கிரட். "நான் ரோட்டால வாறேன். ஒங்களுக்கு முன்னாடி அங்க நிப்பேன்."

பையை முதுகில் கட்டிக்கொண்டு கிளம்பினாள். முதல் இரண்டு மைல் நன்றாகத்தான் போனது. செங்குத்து தொடங்கியதும் வண்டி சோர்ந்தது. பிடியை முறுக்க முறுக்க வேகம் குறைந்தது. முதல் கியருக்கு இறக்கினாள். சைலன்சரில் இருமுவது மாதிரி இரண்டு தடவை புஸ்ஸென்றது. அப்புறம் நின்றுவிட்டது. கிக்கரை மிதித்தால் கால் வெண்ணெய்க்குள் போவது மாதிரி இறங்கியது. பிடிப்பே இல்லை. பத்து, பதினைந்து, இருபது தடவை மிதித்தாள். ஒரு சத்தமும் இல்லை. ஒன்றரை மாதமாகச் சத்தத்துக்குப் பயந்தவள், அந்த ரோட்டில் சத்தமில்லாமல் நின்ற வண்டியைப் பார்த்துத்தான் முதல் தடவையாக உண்மையாகப் பயந்தாள்.

வண்டியைத் தேயிலைச் செடிமேல் சாய்த்துவிட்டு, பையை மட்டும் எடுத்துக்கொண்டு செடிகளுக்கு நடுவே நேராக மேலே ஏறினாள். தரையில் படர்ந்த கொடி காலை இடறியது, கவுன் முள்ளில் கிழிந்தது. லயத்துக்குப் போனபோது முத்துலிங்கம் முன்னாலேயே வந்து தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கியிருந்தான். உள்ளே ராசம்மாவின் தோளை வேலாயி தாங்கியிருந்தாள்.

"வந்திட்டாங்கடி மிஸ்ஸி. இனி நீ முக்கு" என்றாள் வேலாயி.

தலை வந்துவிட்டது. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. மார்கிரட் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு விரலை உள்ளே விட்டு, முதல் சுற்றைத் தலைக்கு மேலால் எடுத்தாள். இரண்டாவது இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி அதையும் எடுத்தாள். பிள்ளை நீலமாகத்தான் வந்தது. முதுகைத் துடைத்து, உள்ளங்காலைச் சுண்டினாள். மறுபடியும் சுண்டினாள். பிறகு அது ஒரு தடவை செருமி, முகத்தைச் சுருக்கி, லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதது.

பெண் பிள்ளை. ராசம்மா கையை நீட்டினாள். மார்கிரட் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, வாசலில் வந்து உட்கார்ந்தாள். இன்னும் ஐந்து நிமிஷம் அந்த வண்டியை மிதித்துக்கொண்டு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே, கையைக் கவுனில் திரும்பத் திரும்பத் துடைத்தாள். வேலாயி சூடான தேயிலைச் சாயத்தண்ணியைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்து, தன் இரண்டு கையாலும் கோப்பையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் கொழுந்து லொறியில் வண்டியை ஏற்றி, லிந்துலையில் அலியாரின் கராஜுக்குக் கொண்டுபோனாள். அலியார் நாற்பது வயதுக்காரர், ஊருக்கெல்லாம் நானா, அதாவது அண்ணன். மெலிந்த உடம்பு, வேகமான கை. கிக்கரைக் கையால் அழுத்திப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். எஞ்சின் தலையில் ஒரு மூடியைக் கழற்றி உள்ளே விரலை வைத்தார்.

"மிஸ்ஸி, இதோட வாய யாரு மூடினது?"

மார்கிரட் அமிர்தநாதன் ஐயாவின் பேரைச் சொல்லவில்லை. "டிக் டிக்னு சத்தம் போட்டுச்சு நானா. அதை நிப்பாட்டினோம்" என்றாள்.

"அது போடவேண்டிய சத்தம். வால்வு இருக்கே, அது எஞ்சினுக்குக் கதவு. சூடேறினா இரும்பு நீளும். நீள்றதுக்கு ஒரு மயிரிழை எடம் விட்டிருக்காங்க. அந்த எடத்துலதான் டெப்பட் தட்டுது. நீங்க எடத்தை அடைச்சிட்டீங்க. சூட்டுல கதவு மூடமாட்டேங்குது. உள்ள இருக்கிற தெம்பெல்லாம் வெளியே போவுது. குளிர்ல ஓடுச்சு, ஏத்தத்துல சூடானதும் நின்னுச்சு, சரிதானே?"

"அப்படியேதான்."

"இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தா வால்வு எரிஞ்சே போயிருக்கும். இந்த வண்டியில டிக் டிக் கேட்டா நிம்மதியா ஓட்டுங்க. கேக்காட்டித்தான் பயப்படணும்."

வால்வின் ஓரம் லேசாகக் கருகியிருந்தது. அதைக் கழற்றி, பசை தடவி அரைத்து, திரும்பப் பூட்டப் பாதி நாள் ஆனது. கடைசியில் திருகாணிக்கு அடியில் மெல்லிய தகடு ஒன்றை விட்டு, அது லேசாக உரசிக்கொண்டு வெளியே வரும் அளவுக்கு இடைவெளி வைத்தார். எஞ்சின் ஆறியிருக்கும்போதுதான் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்லி, அவளையும் ஒரு தடவை தகட்டை இழுத்துப் பார்க்க வைத்தார். பிறகு கிக்கரை மிதித்தார். டிக் டிக் திரும்பி வந்தது.

அலியார் ஸ்குரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த மார்கிரட் பையைத் திறந்து தன் மரக்குழலை எடுத்தாள். அகன்ற வாயை எஞ்சின் தலைமேல் வைத்துக் காதைக் கொடுத்தாள். அலியார் ஸ்குரூ டிரைவரை இறக்கிவிட்டு அவளையே பார்த்தார்.

"என்னா கேக்குது?"

"ரெண்டு தட்டு. ஒண்ணு கொஞ்சம் மெதுவா, ஒண்ணு கொஞ்சம் உரமா. ஆனா ரெண்டும் ஒழுங்கா."

"ரெண்டு வால்வு. அவ்வளவுதான் மிஸ்ஸி. எனக்கு அது தெரிய ரெண்டு வருஷமாச்சு."

அவள் தன் மற்றச் சத்தங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். முனகுவது கியர். அடித்துக்கொள்வது செயின், இரண்டு விரல் அளவு ஆட்டம் இருக்கலாம், அதற்கு மேலே என்றால் இறுக்க வேண்டும். இறக்கத்தில் பொரிவது, பிடியைத் தளர்த்தினால் எரியாத பெற்றோல் சைலன்சரில் போய் எரிவது. அணைத்த பிறகு வரும் டிங், டிங் என்றபோது, "இரும்பு குளிருது. வேற ஒண்ணுமில்ல" என்றார் அலியார். மார்கிரட்டுக்குத் தன் புருஷனின் ஞாபகம் வந்தது.

"எப்படி நானா வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?"

"நேத்து இருந்த சத்தம் இன்னைக்கும் அப்படியே இருந்தா விட்டுடுங்க. மாறினா என்கிட்ட வாங்க. அடியில டொக் டொக்னு கனமா ஒண்ணு வந்தா ஓட்டவே வேணாம், எறங்கி ஆளனுப்புங்க."

அப்போது அலியாரின் மனைவி ஆயிஷா தேத்தண்ணீரோடு வந்தாள். ஏழு மாதக் கர்ப்பிணி. கலியாணமாகிப் பத்து வருஷத்துக்குப் பிறகு தங்கிய பிள்ளை. அவள் உள்ளே போனதும், அதுவரைக்கும் அடித்துப் பேசிக்கொண்டிருந்த அலியாரின் குரல் அடங்கிவிட்டது.

"மிஸ்ஸி, ஒண்ணு கேக்கணும். அவ வயித்துக்குள்ள பிள்ளை துள்ளுது. துள்ளட்டும், அது பரவாயில்ல. ஆனா இது வேற. டிக், டிக், டிக்னு ஒரே ஒழுங்கா, கால் மணி நேரம். தினமும். நான் கைய வச்சுப் பாத்தேன். பிள்ளைக்கு வலிப்பு ஏதாச்சுமா? நான் ஒரு வாரமா சோறு ஒழுங்கா திங்கல."

மார்கிரட் உள்ளே போய், ஆயிஷாவைப் படுக்கவைத்து, எஞ்சின் எண்ணெய் பட்ட குழலைத் துடைத்து வயிற்றில் வைத்தாள். குழந்தையின் நெஞ்சு நல்ல வேகத்தில், ஒரு தப்பும் இல்லாமல் துடித்தது. அவள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அலியார் சொன்ன அந்தத் துள்ளலும் தொடங்கியது. ஆயிஷாவின் கண்ணில் பயம் தெரிந்தது.

"விக்கல்" என்றாள் மார்கிரட்.

"என்னா?" என்றாள் ஆயிஷா.

"பிள்ளைக்கு விக்கல் எடுக்குது. எல்லாப் பிள்ளைக்கும் எடுக்கிறதுதான். ஒங்க ஊட்டுக்காரர் எனக்கு இப்பதான் சொன்னாரு, டிக் டிக்னு கேட்டா நிம்மதியா இருன்னு."

திரைக்கு வெளியே நின்ற அலியார் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. தோளில் கிடந்த எண்ணெய்த் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கன்னமெல்லாம் கறுப்பாக வந்து நின்றார். அதைப் பார்த்து ஆயிஷாதான் முதலில் சிரித்தாள்.

தோட்டத்துக்குத் திரும்பி வந்ததும் மார்கிரட் மருந்துக் காம்பராவுக்குப் போனாள். அமிர்தநாதன் ஐயா வாசலிலேயே நின்றிருந்தார். டை கட்டவில்லை. ராசம்மாவின் பிள்ளையைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். டிக் டிக் என்று வந்து நின்ற வண்டியைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"என்னால வந்த வினையா, மார்கிரட்டு?"

அவள் கோபத்தை லிந்துலை வரைக்கும் சுமந்து போயிருந்தாள். திரும்பும் வழியில் அது எங்கே விழுந்தது என்று தெரியவில்லை. "நான் பயந்ததாலதான் நீங்க முறுக்கினீங்க ஐயா" என்றாள். "தப்பு ரெண்டு பேர் மேலயும்தான். இனி முறுக்குறதுக்கு முன்னாடி கேட்டுக்குவோம்."

மறுநாள் ஐயா தானே மேல் டிவிசனுக்கு நடந்து போய் ராசம்மாவின் பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு மார்கிரட் வண்டியை ஓட்டினாள். சத்தம் கேட்டு இறங்கவில்லை. கேட்டுக்கொண்டே ஓட்டினாள். ஒரு தடவை டிக் டிக் கொஞ்சம் மந்தமாக வந்தபோது, காலையில் எஞ்சின் ஆறியிருக்கும் நேரத்தில் தகட்டை விட்டுத் தானே சரிசெய்தாள். லயங்களில் பெண்கள் அந்தச் சத்தத்தை வைத்தே மிஸ்ஸி எந்த வளைவில் வருகிறாள் என்று சொல்லப் பழகினார்கள்.

ஆயிஷாவுக்கு ஆடி மாதத்தில் மகன் பிறந்தான். நாற்பதாம் நாள் விருந்துக்கு இராயப்பனையும் கட்டாயம் கூட்டிவரச் சொல்லி அலியார் ஆளனுப்பினார். பஸ் வரவில்லை. இராயப்பன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மனைவியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கண்ணையும் மூடியிருந்தார்.

"இது என்னா சத்தம்?"

"கியர்."

"இது?"

"செயினுங்க. பேசாம வாங்க."

கொஞ்ச தூரம் போனதும், "மார்கிரட்டு, இப்ப ஒண்ணு கேக்குது. கடகடன்னு. நிப்பாட்டு."

அவள் காதைக் கொடுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னாள்: "அது ஒங்க பல்லுங்க. குளிருக்கு அடிக்குது. துண்டை எடுத்துக் கழுத்துல சுத்துங்க."

வண்டி ஊசிமலையில் எட்டு வருஷம் ஓடியது. 1987இல் சுகாதாரத் திட்டம் முடிந்து, வண்டியைத் திரும்ப எடுக்க ஒரு உத்தியோகத்தர் வந்தார். எஞ்சினை ஒரு தடவை முடுக்கிவிட்டு, படிவத்தில் சத்தம் அதிகம் என்று எழுதப் போனார். மார்கிரட் அவரை நிறுத்தி, வண்டியை மேல் டிவிசன் செங்குத்தில் ஒரு தடவை ஏற்றிவிட்டு வந்து எழுதச் சொன்னாள். அவர் போனார். முக்கால் மணி நேரம் கழித்து, தலைமுடியெல்லாம் பனியாகத் திரும்பி வந்து, படிவத்தில் நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மாதம் கழித்து, வண்டி அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு மருத்துவிச்சிக்குக் கொடுக்கப்பட்டதாகச் செய்தி வந்தது.